காய்கறிப் பயிரும் பூச்சியும் வெயிலும் மழையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"போன வாரம்வரை ஒன்றுமே இல்லை, நாலே நாளில் தோட்டம் முழுக்கப் பூச்சி" என்று சொல்லாத விவசாயி இருக்க மாட்டார். பூச்சி நாலு நாளில் வந்திருக்காது. முட்டையாகவும் குட்டிப் புழுவாகவும் அது அங்கேயே இருந்திருக்கும், வெயில் ஏறியதும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகியிருக்கும். என்ன மருந்து அடிப்பது என்று கேட்பவர்களிடம் கடந்த இரண்டு வாரம் வெயிலும் மழையும் எப்படி இருந்தன என்று நான் திருப்பிக் கேட்பது இதனால்தான். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

வெயில் ஏறினால் பூச்சி ஏன் இவ்வளவு வேகமாகப் பெருகுகிறது?

நமக்கு வெளியில் எவ்வளவு குளிர் இருந்தாலும் உடம்புச் சூடு 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். பூச்சிக்கு அப்படிக் கிடையாது. சுற்றியுள்ள காற்றும் இலையும் எந்தச் சூட்டில் இருக்கின்றனவோ, கிட்டத்தட்ட அதே சூடுதான் அதன் உடம்பிலும் இருக்கும். சூடு ஏறும்போது செரிமானம், வளர்ச்சி, தோலுரிப்பு, முட்டை உருவாவது எல்லாமே வேகமாகும்.

தக்காளியில் வரும் ஊசித் துளைப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். தென் அமெரிக்காவில் பிறந்த இந்தப் பூச்சி 2006-ல் ஸ்பெயினுக்கும் 2014-ல் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. முட்டையிலிருந்து அந்துப்பூச்சியாக மாற இதற்கு 14 டிகிரியில் சுமார் 76 நாள் வேண்டும். 20 டிகிரியில் சுமார் 40 நாள் போதும், 27 டிகிரியில் 24 நாளில் முடிந்துவிடும். நான்கு மாதப் பயிரில் கணக்குப் போட்டால், குளிர்ந்த இடத்தில் இரண்டு தலைமுறைகூட முழுசாக முடியாது. 20 டிகிரியில் மூன்று தலைமுறை, 27 டிகிரியில் ஐந்து.

இந்த மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைச் சின்னதாக நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு தலைமுறையிலும் பூச்சி பத்து மடங்காகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று தலைமுறையில் ஒன்று ஆயிரமாகும், ஐந்து தலைமுறையில் ஒன்று ஒரு லட்சமாகும். வெப்பம் 7 டிகிரி கூடியதற்குப் பூச்சி நூறு மடங்கு கூடிவிட்டது. "நாலு நாளில் வந்துவிட்டது" என்று தோன்றுவது இந்தப் பெருக்கத்தின் கடைசிப் படி மட்டும்தான்.

அப்படியென்றால் எல்லாப் பூச்சிக்கும் வெயில்தான் பிடிக்குமா?

இல்லை. ஒவ்வொரு பூச்சிக்கும் அதற்கென்று ஒரு வரம்பு உண்டு.

செடியில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினிக்கு மிதமான குளிர்தான் தோது. 4, 5 டிகிரிக்கு மேல் போனாலே மெதுவாக வளரத் தொடங்கும். 20 முதல் 25 டிகிரிக்குள் கொண்டாட்டம்தான். 30-ஐத் தாண்டினால் இனப்பெருக்கம் சட்டென்று விழுந்துவிடும். அசுவினியின் உடம்புக்குள் புக்னெரா என்றொரு பாக்டீரியா குடியிருக்கிறது, செடியின் சாற்றில் கிடைக்காத அமினோ அமிலங்களை அதுதான் தயாரித்துத் தருகிறது. கடும் வெயிலில் அசுவினியை முந்திக்கொண்டு அந்த பாக்டீரியா அழிகிறது. முட்டைக்கோசு அசுவினி கோடையில் தானாகக் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முட்டைக்கோசு, காலிஃபிளவரில் வரும் வைரமுதுகு அந்துப்பூச்சி 7, 8 டிகிரியிலேயே வளர ஆரம்பிக்கும். அதனால் குளிர்காலத்திலும் அதன் வேலை நிற்காது, மெதுவாக நடக்கும். காய்ப்புழுவுக்குக் குறைந்தது 10, 11 டிகிரியாவது வேண்டும். வெள்ளை ஈ 28 முதல் 32 டிகிரியில் மிக வேகமாகப் பெருகும். அந்தச் சூட்டில் இரண்டு மூன்று வாரத்தில் முட்டை பறக்கும் ஈயாகிவிடும். 15 டிகிரியில் அதே வேலைக்கு மாதக்கணக்காகும்.

"வெப்ப நாள்" கணக்கு என்றால் என்ன? நானே போட முடியுமா?

தாராளமாகப் போடலாம். வெப்பமானி ஒன்றும் ஒரு நோட்டும் இருந்தால் போதும். உயிர்கள் வளர்வதை நாள்கணக்கில் அளப்பதைவிடச் சேர்ந்த வெப்பத்தில் அளக்கலாம் என்ற யோசனையை பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1735-லேயே முன்வைத்தார்.

அன்றைய அதிக வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுங்கள். வருவதிலிருந்து அந்தப் பூச்சி வளரத் தொடங்கும் வெப்பத்தைக் கழியுங்கள். மீதிதான் அன்றைக்குச் சேர்ந்த வெப்பம். பகலில் 34, இரவில் 22 என்றால் சராசரி 28. பூச்சியின் தொடக்க வெப்பம் 10 என்றால் அன்று சேர்ந்தது 18. ஒரு தலைமுறை முடிய மொத்தம் 350 வேண்டும் என்று வைத்துக்கொண்டால் சுமார் 19 நாள் ஆகும். குளிர்காலத்தில் பகலில் 26, இரவில் 16 என்றால் ஒரு நாளுக்குச் சேர்வது 11, அதே தலைமுறை முடிய 32 நாள்.

பெண் பூச்சியின் வாசனையைக் காட்டி ஆண் பூச்சியை இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் முதல் அந்துப்பூச்சி விழுந்த நாளிலிருந்து இதைக் கூட்டிக்கொண்டே போனால், அடுத்த முட்டை அலை எப்போது வரும் என்பது ஓரளவு தெரிந்துவிடும். நாள் அச்சுப் பிசகாமல் வராது. இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே இருக்கும். ஆனாலும் "பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அடி" என்ற வழக்கத்தைவிட இதை நம்பி நடப்பது எவ்வளவோ மேல். கோடையில் பதினைந்து நாள் என்பது பூச்சிக்கு முக்கால் தலைமுறை, குளிரில் பாதிகூட ஆகாது.

கொளுத்துகிற வெயிலில் பூச்சி செத்துவிடாதா?

கொஞ்சம் சாகும். 35 டிகிரிக்கு மேல் தொடர்ந்து போனால் பல பூச்சிகளில் முட்டை பொரிப்பது குறையும், ஆண் பூச்சியின் விந்துச் சக்தி கெடும், ஆயுளும் சுருங்கும். ஆனால் வானிலை அறிக்கையில் சொல்லும் 40 டிகிரி பூச்சி உட்கார்ந்திருக்கும் இடத்து வெப்பம் இல்லை. தண்ணீர் குறையாத செடி இலை வழியாக நீராவி விடுவதால் இலையின் அடிப்பக்கம் வெளிக்காற்றைவிடச் சில டிகிரி குளிர்ந்தே இருக்கும். வெள்ளை ஈ, அசுவினி, தத்துப்பூச்சி எல்லாம் அங்கேதான் ஒண்டிக்கொள்கின்றன.

கத்தரியின் தண்டு, காய்த் துளைப்பானுக்கு இன்னும் நல்ல பாதுகாப்பு. முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்திலேயே குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடும். வெயிலும் மழையும் மருந்தும் அதை எட்டுவதில்லை. வாடித் தொங்கும் குருத்தை ஒடித்து அழிப்பது எல்லாப் பருவத்துக்கும் பொருந்துகிற வேலையாக இருப்பது அதனால்தான்.

கோடையில் மிளகாய், கத்தரி, வெண்டை இலைகள் வெளுத்துப் புள்ளி விழுகின்றன. பூச்சிமருந்து அடிக்க அடிக்க அதிகமாகிறதே?

ஒரு இலையைப் பறித்து வெள்ளைத் தாளின்மேல் தட்டிப் பாருங்கள். உப்புத் துகள் அளவில் சிவப்பாகவோ பழுப்பாகவோ ஏதாவது ஊர்ந்தால் அது செம்பேன், சிவப்புச் சிலந்தி என்றும் சொல்வார்கள். எட்டுக் கால் உள்ள அது பூச்சி இனமே கிடையாது. இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

வறண்ட வெயில்தான் செம்பேனுக்குப் பொற்காலம். 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் எட்டுப் பத்து நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் இன்னும் வேகம். அடிக்கும் மருந்தில் பல இதைத் தொடுவதே இல்லை, இதைத் தின்று அடக்கி வைத்திருந்த இரைவிழுங்கிப் பேன்களையும் பொறிவண்டுகளையும்தான் கொல்கின்றன. பைரித்ராய்டு வகை மருந்துக்குப் பிறகு செம்பேன் பொங்கி எழுவது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம்.

முதலில் தண்ணீர்ப் பற்றாக்குறையைச் சரிசெய்யுங்கள். பாதையோரத்தில் தூசு படிந்த செடிகளில்தான் இது தொடங்கும், அவற்றை இலையின் அடிப்பக்கம் நனையும்படி தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் செம்பேனுக்கென்றே உள்ள மருந்துக்குப் போகலாம்.

மழை பெய்தால் பூச்சி போய்விடுமா?

அடித்துப் பெய்யும் மழை அசுவினி, இலைப்பேன் (த்ரிப்ஸ்), வெள்ளை ஈ, குட்டிப் புழு, முட்டை எல்லாவற்றையும் பெரிய அளவில் கழுவித் தள்ளிவிடும். முட்டைக்கோசில் மாலை நேரம் தெளிப்பு நீர்ப்பாசனம் கொடுத்தால் வைரமுதுகு அந்துப்பூச்சி குறைவதும் இதே வழியில்தான். அந்தி நேரத்தில் அது பறந்து இணைசேர்ந்து முட்டையிடுவதைத் தண்ணீர் கலைத்துவிடும். இலை ஈரமாகவே இருந்தால் கருப்பு அழுகல் மாதிரி நோய் வரும், அதையும் கணக்கில் வைத்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.

தூறல் வேறு விஷயம். அது பூச்சியைக் கழுவாது. இலை தளதளவென்று துளிர்க்கும், புதுத் துளிரில் சாறு உறிஞ்சிகள் வந்து குடியேறும். மழை ஓய்ந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தோட்டத்தை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். "மழையில் எல்லாம் போய்விட்டது" என்று நிம்மதியாக இருக்கும் நேரம் அதுதான்.

மண்ணுக்குள் நடப்பது இன்னொரு கதை. பூசணி, பாகல், புடலை வகைகளில் வரும் பழ ஈயின் புழு காயிலிருந்து குதித்து மண்ணில் சில செ.மீ. ஆழத்தில் கூட்டுப்புழுவாகும். கட்டாந்தரையாகக் காய்ந்த மண்ணில் நிறையச் செத்துப்போகும். மிதமான ஈரம் அதற்கு வசதி, அதனால்தான் மழைக்குப் பின் பழ ஈ கூட்டமாகக் கிளம்புகிறது. தண்ணீர் தேங்கி நின்றால் கூட்டுப்புழுவுக்கு மறுபடி சாவுதான். இலைப்பேன்களில் பெரும்பாலானவையும் மண்ணிலும் சருகிலும்தான் கூட்டுப்புழுப் பருவத்தைக் கழிக்கின்றன.

காற்றின் ஈரப்பதத்துக்குப் பங்கு உண்டா?

உண்டு. வறண்ட காற்று செம்பேனுக்கும் இலைப்பேனுக்கும் உதவும். ஈரக்காற்று பூச்சியைப் பிடிக்கும் பூஞ்சைக்கு உதவும். நெருக்கி நட்ட வயலுக்குள் ஈரம் எப்போதும் வெளியைவிட அதிகம்.

குளிர்காலத்தில் காய்ப்புழு எங்கே போகிறது?

மண்ணுக்குள் தூங்குகிறது. பகல் நேரம் குறைந்து வெப்பமும் இறங்கும்போது காய்ப்புழுவின் கூட்டுப்புழு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு காத்திருக்கும். மறுபடி வெப்பம் ஏறும்போது எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் வெளிவரும். இதற்குப் பகலின் நீளம்தான் நம்பகமான அடையாளம். வெப்பம் ஒரு நாள் ஏறும் ஒரு நாள் இறங்கும், பகல் நீளம் ஏமாற்றாது. அறுவடை முடிந்ததும் உழவு ஓட்டினால் இந்தக் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் காயும், மீதியைப் பறவைகள் பொறுக்கிக்கொள்ளும். குளிர் கடுமையாக இல்லாத இடங்களில் இந்தத் தூக்கமே இருக்காது, வருடம் முழுக்கத் தலைமுறைகள் தொடரும்.

காற்று பூச்சியைக் கொண்டுவருமா?

கொண்டுவரும். வெள்ளை ஈயும் இறக்கை முளைத்த அசுவினியும் காற்று போகும் திசையிலேயே நகரும், அந்துப்பூச்சிகளில் சில நூற்றுக்கணக்கான கிலோமீட்டர்கூடக் கடக்கும். முடியப்போகும் பழைய வயலில் காற்று பட்டுவிட்டு வரும் இடத்தில் புது நாற்றை நடாதீர்கள். வரப்போரம் இரண்டு மூன்று வரிசை மக்காச்சோளமோ சோளமோ முன்கூட்டியே வளர்த்து வைத்தால் கொஞ்சம் தடுக்கும்.

வெயில் நன்மை செய்யும் பூச்சிகளை என்ன செய்கிறது?

நான் அதிகம் கவலைப்படும் இடம் இது. கெட்ட பூச்சி தாங்கும் வெயிலை நல்ல பூச்சி பல நேரம் தாங்குவதில்லை. கெட்ட பூச்சியின் முட்டைக்குள் வளர்ந்து அதை அழிக்கும் ஒட்டுண்ணியான டிரைக்கோகிரம்மா 25 முதல் 28 டிகிரியில் நன்றாக வேலை செய்யும், 35-ஐத் தாண்டினால் சோர்ந்துவிடும். அரை மில்லிமீட்டர் நீளம்கூடச் சரியாக இல்லாத குளவி அது, அது வளரும் முட்டைகள் ஒட்டிய காகித அட்டையை உச்சி வெயிலில் செடியில் கட்டினால் இலைக்குப் போய்ச் சேரும் முன்பே காய்ந்துவிடும். மாலையில், இலையின் நிழலான அடிப்பக்கத்தில் கட்டுங்கள். செம்பேனைத் தின்னும் இரைவிழுங்கிப் பேன்களில் சிலவற்றின் முட்டை பொரிக்க நல்ல ஈரப்பதம் வேண்டும். செம்பேனுக்குப் பிடித்த வறட்சி அதன் எதிரிக்குச் சாவு.

பூச்சியைக் கொல்லும் பூஞ்சைகளான பியூவேரியா, மெட்டாரைசியம், லெகானிசிலியம் மூன்றுக்கும் 20 முதல் 30 டிகிரியும் நல்ல ஈரமும் தேவை. வறண்ட கோடையில் இவற்றைத் தெளித்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று ஒதுக்கிவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கும். மழைக்காலத்து மாலையில் தெளித்துப் பாருங்கள். காய்ப்புழுவைக் கொல்லத் தெளிக்கும் என்.பி.வி. வைரஸ், புழுக்களைக் கொல்லும் பி.டி. பாக்டீரியா இரண்டையும் சூரியனின் புற ஊதாக் கதிர் சிதைத்துவிடும். அவற்றுக்கும் அந்தி நேரமே சரி.

இரசாயன மருந்தும் வெயிலைப் பொறுத்து மாறுமா?

மாறும். பைரித்ராய்டு மருந்துகள் குளிர்ந்த நேரத்தில்தான் அதிகம் கொல்லும், வெயில் ஏற ஏற வலு குறையும். ஆர்கனோபாஸ்பேட் வகையில் பல இதற்கு நேர்மாறு. கோடையில் பைரித்ராய்டு அடித்துப் பலன் இல்லை என்று அளவைக் கூட்டுபவர்கள் செம்பேனையும் வெள்ளை ஈயையும் வளர்த்துவிடுகிறார்கள்.

கந்தகம் 32 டிகிரிக்கு மேல் இலையைப் பொசுக்கும், வெள்ளரி, பூசணி வகைகளுக்கு இன்னும் ஆபத்து. வேப்பங்கொட்டைச் சாற்றின் சத்து வெயிலில் சீக்கிரம் சிதையும். எதைத் தெளித்தாலும் காற்று அடங்கிய காலை அல்லது மாலை. பூக்கும் பயிரில் மாலைதான், காலையில் தேனீ வேலையில் இருக்கும்.

உரமும் தண்ணீரும் இதில் எங்கே வருகின்றன?

தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் இலைச் சாற்றில் அமினோ அமிலம் கூடும், அசுவினிக்கும் வெள்ளை ஈக்கும் அது விருந்து. பிரித்துப் பிரித்துக் கொடுங்கள். தண்ணீர் தட்டுப்பாடானால் செம்பேன் வரும் என்று மேலே சொன்னேன்.

பசுமைக்குடிலிலும் வலைக்குள்ளும் பூச்சி எப்படி வருகிறது?

கதவு வழியாகவும் நாற்று வழியாகவும்தான் பெரும்பாலும் வருகிறது. உள்ளே வந்துவிட்டால் மழை கிடையாது, காற்று கிடையாது, எதிரிப் பூச்சி கிடையாது, வெப்பம் மட்டும் தாராளம். வெளியில் ஒரு மாதம் ஆகும் பெருக்கம் அங்கே இரண்டு வாரத்தில் நடக்கும். அங்குலத்துக்கு 50 கண் உள்ள வலை வெள்ளை ஈயைத் தடுக்கும், இலைப்பேன் அதிலும் நுழைந்துவிடும். கண் சிறுக்கச் சிறுக்கக் காற்றோட்டம் குறைந்து உள்ளே சூடு ஏறும், அதனால் வலையைச் சிறுக்கும்போது காற்று வெளியேறும் பரப்பை அதிகப்படுத்த வேண்டும். இரட்டைக் கதவு போடுவதுதான் செலவுக்கு ஏற்ற முதல் வேலை என்பேன்.

வெயிலில் இலைச்சுருட்டு, மஞ்சள் நரம்பு நோய் அதிகமாவது ஏன்?

அந்த வைரஸ்களை வெள்ளை ஈ சுமக்கிறது. வெயிலில் ஈ பெருகினால் நோயும் பரவும். ஒரு செடிக்கு நாலைந்து ஈ இருந்தாலே போதும், ஈயின் சேதத்தைவிட அது கொண்டுவரும் வைரஸ்தான் பயிரைச் சாய்க்கும். நட்ட முதல் ஐந்தாறு வாரம்தான் உயிர்நாடி. நாற்றங்காலுக்கு வலை போடுங்கள். செடியைச் சுற்றி மண்ணை மூடும் வெள்ளி நிறத் தாளான நிலப்போர்வை ஒளியைத் திருப்பி அடித்து ஈயையும் அசுவினியையும் குழப்பும், இலை விரிந்து தரையை மூடும்வரை அது வேலை செய்யும்.

உலகம் சூடாவதால் பூச்சித் தொல்லை கூடுமா?

உலக சராசரி வெப்பம் ஒரு டிகிரி கூடினால் பூச்சியால் ஏற்படும் இழப்பு 10 முதல் 25 சதவீதம் கூடும் என்று 2018-ல் வந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. அது நெல், கோதுமை, மக்காச்சோளத்துக்கான கணக்கு, காய்கறிக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஏற்கெனவே கொதிக்கும் இடங்களில் சில பூச்சி குறையலாம், குளிர்ந்த மலைப்பகுதிகளில் கூடும், குளிர்காலத்தில் செத்துக்கொண்டிருந்தவை பிழைத்துக்கொள்ளும். காற்றில் கரியமில வாயு கூடும்போது இலையில் தழைச்சத்தின் பங்கு குறைகிறது. அதே சத்தைப் பெறப் புழு அதிக இலை தின்ன வேண்டியிருக்கிறது.

வெயிலையே பூச்சிக்கு எதிராகத் திருப்ப முடியுமா?

முடியும். கோடையின் உச்சத்தில் நாற்றங்கால் மண்ணை நனைத்து, நிறமற்ற தெளிவான பாலித்தீன் தாளால் ஓரம் காற்றுப் புகாமல் மூடி நான்கு முதல் ஆறு வாரம் விடுங்கள். மேல்மண் 45, 50 டிகிரிக்கு ஏறி அங்கிருக்கும் கூட்டுப்புழு, நூற்புழு, களை விதை பலவற்றை அழிக்கும். பழ ஈ விழுந்த காய்களை வரப்பில் வீசாமல் அதே மாதிரித் தெளிவான பையில் கட்டி வெயிலில் போட்டுவிடுங்கள், உள்ளேயே வெந்துவிடும்.

தினமும் எதைப் பார்க்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும்?

காலையில் வெயில் ஏறும் முன் போங்கள், பூச்சி மந்தமாக இருக்கும். வயலுக்குள் ஐந்து இடத்தில், இடத்துக்கு ஐந்து செடி. ஒவ்வொரு செடியிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை ஈயின் முட்டை மேல் இலையிலும், அசையாமல் ஒட்டியிருக்கும் அதன் குஞ்சு கீழ் இலையிலும் இருக்கும். மேலே மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் தெரியும். அசுவினி உரித்துப்போட்ட வெள்ளைத் தோல்கள் மாவு தூவியது போலக் கிடக்கும். அந்தக் கூட்டத்தில் வெண்கல நிறத்தில் உப்பி, முதுகில் வட்டமான ஓட்டையோடு ஒன்றிரண்டு நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒட்டுண்ணிக் குளவி அதன் உள்ளேயே வளர்ந்து ஓட்டை போட்டு வெளியேறிய அடையாளம் அது. அப்படிப் பத்தில் இரண்டு மூன்று தெரிந்தால் மருந்தைத் தள்ளிப்போட்டு மூன்று நாள் கழித்து அதே செடியை மறுபடி பாருங்கள்.